படிப்பிலும் பயமா?



சென்ற வாரம் நமது காரியாலயத்திற்கு வந்த கடிதங்களில் ஒன்று நம்மைச் சற்று அதிகமாகவே யோசிக்கச் செய்துவிட்டது. எழுதியவர் ஒரு சிறு பட்டணத்தில் மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்யும் ஒரு வாலிபர். அவ்வூரில் நமது தோழர்களும், நமக்கு வேண்டிய வேறு சிலரும் சேர்ந்து, மாதம் ஒரு முறை ஒரு வீட்டு மாடியில் கூடி, அந்த மாதத்தில் தாங்கள் படித்தது இன்னதென்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளுவது என்பதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கின்றார்களாம். நல்ல ஏற்பாடு என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடந்தது என்னவென்று பாருங்கள். முதலில் பேசிய உபாத்தியாயர் ஒருவர் தாம் சிலப்பதிகாரத்தை உரையோடு படித்து வருவதாகச் சொன்னாராம். அடுத்து ஒரு வக்கீல், டால்ஸ்டாய் எழுதிய 'போரும் அமைதியும்' என்னும் பெரிய நாவலை முடித்துவிட்டதாகச் சொன்னாராம். அவருக்கடுத்த ஒரு பாங்கு உத்தியோகஸ்தர், மார்க்ஸின் 'மூலதன'த்தை இரண்டாம் முறையாகப் படிப்பதாகச் சொன்னாராம். பிறகு நமது வாலிபரின் முறை வந்தது. அந்த மாதத்தில் அவர் உண்மையில் படித்தது, எஞ்சினைப் பற்றிய ஒரு கைப்புஸ்தகமும், இரண்டு துப்பறியும் கதைகளும், 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற சிறு புஸ்தகமுமாகும். அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "மணிமேகலை படித்துக் கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். "எது வரையில்?" என்று ஒருவர் கேட்க, "பாதி" என்றாராம். மறு மாதம் மீதிப் பாதியைப் பற்றிக் கேட்பார்களே என்ற பயத்தினால் அவர் கூட்டத்திற்கே போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. "ஐயா, பழம்பெரும் நூல்களைப் படிக்காதவன் படித்தவன் ஆகமாட்டானா? நான் எதைப் படித்தால் மறுபடியும் அங்கே போய் உட்காரலாம்?" என்று நம்மைக் கேட்கின்றார்.

இந்தக் கடிதத்தைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், இதே பொய்யை, இதைவிடப் பெரிய கூட்டத்தில், ஒலிபெருக்கியின் முன் நின்று கொண்டு நாமே சொல்லியிருக்கின்றோம். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகின்றோம்.

சுமார் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், தென் ஜில்லா ஒன்றில் ஒரு கிராமத்தில், கம்பராமாயணத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. பேச்சு முடிந்து கேள்விக்கு இடம் விட்டபோது, முன் வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த ஒரு வயோதிகச் சம்சாரி எழுந்து, "தம்பி, அந்தப் புத்தகத்தை முழுசா வாசிச்சிருக்கீகளா?" என்று கேட்டார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் உள்ள அப்புஸ்தகத்தில் நாம் அன்று வரை படித்திருந்தது, நமது இயக்கப் பிரசுரங்களில் எடுத்துக் காட்டப்பட்ட பாட்டுகள் மாத்திரமே. அவை ஐம்பதுக்கு மேல் இருக்காது. ஆயினும், "வாசித்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டோம். "அப்படின்னா, வாலி செத்த பொறவு தாரை என்ன ஆனா?" என்றார். நாம் தயங்காமல், "சுக்கிரீவனோடு வாழ்ந்தாள்" என்றோம். அவர் நிதானமாக, "அது வால்மீகியிலே தம்பி. கம்பரு அவளைத் தாலியறுத்த கோலத்துலே கொண்டாந்து நிறுத்துதாரு" என்று சொல்லி உட்கார்ந்து விட்டார்.

அவர் நமது விரோதியல்ல. விசாரித்ததில், அவ்வூரில் சுயமரியாதைக் கலியாணம் நடத்திய முதல் குடும்பத்தவர் என்று தெரிந்தது. நம்மை அவமானப்படுத்துவதற்காகவும் அவர் கேட்கவில்லை. ஆனால், அன்றிரவு பஸ்ஸில் திரும்பி வரும்போது நமக்கு உறைத்த விஷயம் என்னவென்றால், நாம் ஒன்றரை மணி நேரம் பேசியதில் இல்லாத சரக்கு அக்கிழவரின் ஒரு வாக்கியத்தில் இருந்தது என்பதுதான். வால்மீகியில் புருஷன் செத்தபின் மற்றொருவனோடு வாழ்ந்த ஒருத்தியை, தமிழில் பாடவந்த கவி ஏன் விதவையாக்கினார்? எந்த ஒழுக்கத்தை யாருக்குப் போதிப்பதற்காக அந்த மாற்றம்? பெண்ணடிமையைப் பற்றிப் பேச வந்த நமக்கு இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? புஸ்தகத்தைத் திறந்திருந்தால் அது நம் கையில் கிடைத்திருக்கும். திறக்காததோடு நில்லாமல், திறந்ததாகப் பொய்யும் சொன்னதினால், "அப்படியா, அந்த இடம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் ஐயா" என்று அவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளும் வழியையும் நாமே அடைத்துக் கொண்டோம். பொய்யினால் போனது மானம் மாத்திரம் அல்ல.

நாம் ஏன் அந்தப் பொய்யைச் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தால், பயம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நாம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனோம். கலியாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிக் கடிதம், தேர்தல் துண்டுப் பிரசுரம் என்று கையில் கோத்ததையெல்லாம் படித்ததுதான் நமது உயர்தரக் கல்வி. அந்தக் காலத்தில் ஒரு பண்டிதர் தம் புஸ்தகத்தின் புரூபைத் திருத்த வருவார். நாம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதற்கு, "தொல்காப்பியம் தெரியாதவனுக்கெல்லாம் இது எதற்கு?" என்று சொன்னார். அதற்குப் பிறகு யாரிடமும் அர்த்தம் கேட்பதில்லை என்று வைத்துக் கொண்டோம். தெரிந்தவன் போல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினோம். இந்தப் பழக்கம் விட வெகு நாளாயிற்று. குடிப்பழக்கத்தை விட்டவர்கள் சொல்லும் கஷ்டத்திற்கு இது குறைந்ததல்ல.

நிற்க, இந்தப் 'படித்தே தீரவேண்டிய நூல்கள்' என்பவை எவை? அவற்றிற்கு ஜாபிதா போட்டவர் யார்? எந்த அதிகாரத்தின் மேல் போட்டார்? இதைச் சற்று விசாரிப்போம்.

1880-ம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ந் தேதி கும்பகோணத்தில் நடந்த ஒரு சம்பாஷணையைத் தமிழ் படித்தவர்களில் அநேகர் அறிவார்கள். அங்கே காலேஜில் தமிழ்ப் பண்டிதராய் இருந்த உ. வே. சாமிநாதையர் என்ற இருபத்தைந்து வயது வாலிபர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முன்சீப், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அந்தாதி இத்தனை, கலம்பகம் இத்தனை, கோவை இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, உலா, தலபுராணம் என்று ஒரு பெரிய ஜாபிதாவை ஒப்பித்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு படித்திருந்தவர் பெரிய வித்வான்தான். முன்சீபோ, இதனால் என்ன பிரயோஜனம் என்ற தோரணையில் பேசி, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. இதை அவரே பிற்காலத்தில், 1940 முதல் ஆனந்த விகடனில் வெளியான தமது 'என் சரித்திர'த்தில், ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கின்றார்.

நாம் இங்கு கவனிக்க வேண்டியது அவர் என்ன செய்தார் என்பதேயாகும். "பாதி படித்திருக்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை. புஸ்தகம் கிடைத்ததில்லை, கிடைத்தால் படிக்கத் தடை இல்லை என்பதே அவருடைய பதிலின் சாராம்சம். அதன் பேரில்தான் முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதி அவர் கைக்கு வந்தது. வந்த பிறகும், படித்தால் அர்த்தம் விளங்கவில்லை. அது ஜைன மத சம்பந்தமான காவியம். சைவப் புராணங்களில் ஊறிய அவருக்கு அதன் பரிபாஷைகள் எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக் கொண்டு, கும்பகோணத்திலிருந்த ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்து கொண்டார். 1887-ல் சிந்தாமணி பூரணமாய் அச்சாகி வெளிவந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. ஐயருடைய ஆசாரங்களுக்கும் நமக்கும் வெகு தூரம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதற்காக, ஒரு மனிதன் தன் அறியாமையை மறைக்காமல் வேலை செய்ததை நாம் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. மோட்டார் சைக்கிள் கடைத் தோழர் 'பாதி படித்தேன்' என்று பொய் சொன்ன அந்த மணிமேகலை, படிக்கவில்லை என்று ஒருவர் உண்மை சொன்னதினால் அச்சுக்கு வந்த புஸ்தகம் என்பதை அவர் தெரிந்து கொள்ளட்டும்.

இன்னுமொரு வேடிக்கை இருக்கிறது. இன்று 'தமிழன் என்றால் படித்தே ஆகவேண்டும்' என்று சொல்லப்படுகிற சங்க நூல்களையும், சிந்தாமணி, சிலப்பதிகாரம் முதலியவற்றையும், முன்னொரு காலத்தில் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர் என்னும் பெரிய இலக்கண வித்வான், தமது 'இலக்கணக் கொத்து' என்ற நூலின் உரையிலே, சைவர்கள் வீணாய் ஆயுளைக் கழிப்பதற்குக் காரணமான நூல்களின் ஜாபிதாவில் சேர்த்து எழுதி வைத்திருக்கின்றார். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையுமே அதில் அடக்கம். அதாவது, ஒரு காலத்தில் மடத்துப் பண்டிதர் இவற்றைப் படிப்பவனை வீணன் என்றார். 2004-ம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் தமிழைச் செம்மொழி என்று ஒப்புக்கொண்டபோது இவையே நமக்கு முதல் சாட்சியாக நின்றன. இன்றைய பண்டிதர் இவற்றைப் படிக்காதவனை வீணன் என்கின்றார். புஸ்தகத்திலுள்ள எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மாறியது ஜாபிதா போட்டவருடைய அபிப்பிராயமும், மதமும், காலமுமேயாகும். பிறகு இதில் ஒரு வாலிபன் வெட்கப்பட்டுக் கூட்டத்தை விட்டு ஓடுவதற்கு என்ன இருக்கிறது?

இந்த ஜாபிதா வியாபாரம் நமது நாட்டில் மாத்திரம் உள்ளதென்றும் நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்கள் இதைக் கம்பெனி வைத்தே நடத்தியிருக்கின்றார்கள். 1886-ல் லண்டனில் தொழிலாளிகளுக்கான ஒரு கல்லூரியில் சர் ஜான் லப்பக் என்ற பாங்கு முதலாளி பிரசங்கம் செய்து, படிக்க வேண்டிய நூறு புஸ்தகங்கள் என்று ஒரு ஜாபிதாவை வெளியிட்டார். 1871-ல் பாங்கு விடுமுறைச் சட்டத்தைக் கொண்டு வந்து ஊழியர்களுக்கு ஓய்வு நாள் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஓய்வு நாள் வாங்கிக் கொடுத்ததற்காக நாம் அவரை மெச்சுகின்றோம். அந்த ஓய்வு நாளில் என்ன செய்வது என்பதைத் தொழிலாளிக்கே விட்டிருக்கலாம். 1909-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராயிருந்த எலியட் என்பவருடைய பேரால், அடுக்கினால் ஐந்தடி நீளம் வரும் புஸ்தக வரிசை ஒன்றை ஒரு கம்பெனியார் விற்றார்கள். தினம் பதினைந்து நிமிஷம் படித்தால் போதும், காலேஜ் படிப்புக்குச் சமம் என்பது விளம்பரம். பெரிய மனிதர்களின் கூடங்களில் நாற்காலி, நிலைக்கண்ணாடியோடு இந்த வரிசையும் ஒரு சாமானாய் ஏறிற்று. 1952-ல் சிக்காகோவிலிருந்து 'மேனாட்டுப் பெரு நூல்கள்' என்று 54 வால்யூம்கள் வந்தன. எழுபத்து நான்கு ஆசிரியர்கள். அதில் ஒரு பெண் கூட இல்லை. உலகத்து அறிவையெல்லாம் திரட்டினோம் என்றவர்களின் கண்ணுக்கு, எழுதின பெண் ஒருத்தியும் தட்டுப்படவில்லை. பிறகு 1990-ல் திருத்திய பதிப்பு போட்டபோது நான்கு பெண்களைச் சேர்த்தார்கள். அப்படியானால் முப்பத்தெட்டு வருஷங்களாய், "இவற்றைப் படித்தவனே அறிவாளி" என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் எதை நம்பினார்கள்?

இதே அமெரிக்காவில், கான்ஸாஸ் மாகாணத்தில் ஜிரார்டு என்ற சிற்றூரில், ஹால்டிமன் ஜூலியஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் நமது ஜாதியைச் சேர்ந்தவர், அதாவது நாஸ்திகர். 1919 முதல் சட்டைப் பையில் வைக்கக்கூடிய சிறு நீலப் புஸ்தகங்களை அச்சிட்டு, ஒன்று ஐந்து சென்ட் வீதம் தபாலில் விற்றார். ஷேக்ஸ்பியரும் உண்டு, இங்கர்சாலும் உண்டு, பண்டம் செய்வது எப்படி, கர்ப்பத் தடை என்றால் என்ன என்பதும் உண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே விலை. எது பெரியது எது சின்னது என்று அவர் சொல்லவில்லை. வாங்குகிறவன் ஜாபிதாவைப் பார்த்துத் தனக்கு வேண்டியதற்கு நேரே கோடு போட்டு அனுப்ப வேண்டியது. தொழிலாளிகளும் குடியானவர்களும் கோடிக்கணக்கில் வாங்கினார்கள். அவை கூடத்து அலமாரியில் நின்றதாகத் தெரியவில்லை. பையிலேயே கிழிந்து போயின.

நமது நாட்டிலும் அதற்குச் சமமான காரியம் நடக்காமலில்லை. 'குடி அரசு' வந்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சவரக் கடையிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டார்கள். கேட்டவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களை நாம் படிக்காதவர்கள் என்று சொல்லுவோமா? 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அதே வருஷத்தில், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், புஸ்தகசாலைக்கு ஐந்து விதிகள் என்று எழுதி வெளியிட்டார். உலகத்துப் புஸ்தகசாலைக்காரர்களெல்லாம் இன்றும் அதைப் படிக்கின்றார்கள். அதில் இரண்டாவதும் மூன்றாவதுமான விதிகளின் கருத்து, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புஸ்தகம் உண்டு, ஒவ்வொரு புஸ்தகத்திற்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்பதே. எல்லா வாசகனுக்கும் ஒரே புஸ்தகம் என்று அவர் எழுதவில்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அது முதல் வீட்டு வரியோடு நூலக வரியையும் நீங்கள் சேர்த்தே கட்டி வருகிறீர்கள். ஆகவே கிளை நூலகத்தில் போய்த் துப்பறியும் கதையை எடுக்கிறவரும் தன் காசில்தான் எடுக்கின்றார். யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

இப்படிச் சொல்லுவதினால், பழைய நூல்களையெல்லாம் குப்பையில் போடுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. 'நீ இதைக் கேட்டாலே உன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவேன்' என்று கௌதம தர்ம சூத்திரம் ஒரு காலத்தில் சூத்திரனுக்குத் தண்டனை எழுதிற்று. இன்று, 'நீ இதைப் படிக்காவிட்டால் மனிதனே இல்லை' என்கின்றார்கள். படிக்காதே என்பதும், படித்தே தீரு, படித்து வாயை மூடிக் கொண்டு மெச்சு என்பதும் நமக்கு இரண்டாகத் தோன்றவில்லை. இரண்டிலும் புஸ்தகம் மேலே, மனிதன் கீழே. நாம் கேட்பதெல்லாம், மனிதன் புஸ்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் கீழே வைக்க வேண்டும், பிடித்தால் பென்சிலை எடுத்துக் கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான்.

நமது இயக்கத்தில் பழம் புராணங்களைத் தாக்கியவர்கள் அவற்றைப் படிக்காமல் தாக்கவில்லை. பெரியார் 1930-ல் 'இராமாயணப் பாத்திரங்கள்' வெளியிட்டபோது, இன்ன காண்டத்தில் இன்ன சருக்கத்தில் என்று காட்டித்தான் எழுதினார். 1943-ல் அண்ணாதுரை, ரா. பி. சேதுப்பிள்ளையோடும், பின்பு சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணத்தைப் பற்றி மேடையேறி வாதம் செய்தார். எதிரில் இருந்தவர்கள் அந்நூலில் ஊறியவர்கள். கைதட்டலை நம்பி அவர்கள் எதிரில் நிற்க முடியுமா? இன்று நம் தோழர்களில் சிலர், கைப்பேசியில் வந்த நாலு வரியைப் பார்த்துவிட்டு ஒரு காவியத்தைத் திட்டுகின்றார்கள். வேறு சிலர் அதே போல் நாலு வரியைப் பார்த்துவிட்டு 'ஆஹா' என்கின்றார்கள். திட்டுகிறவர் நம்மவர் என்பதற்காக நாம் அவரை விட்டுவிட முடியாது. படிக்காமல் கும்பிடுவது மூடநம்பிக்கை என்றால், படிக்காமல் திட்டுவதற்கு நாம் என்ன பேர் வைப்பது? பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒலிபெருக்கியின் முன் நின்றவனுக்கும் சேர்த்தே இதைக் கேட்கின்றோம்.

பழைய நூலைத் திறந்து பார்ப்பதற்கு இந்நாளில் செலவும் இல்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் சங்க நூல்கள் முதற்கொண்டு கணினியில் ஏற்றி இனாமாய்க் கொடுத்து வருகின்றார்கள். ஐயர் ஏட்டுச் சுவடிக்காக ஊர் ஊராய் அலைந்தது இன்று உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு பாட்டு விளங்கவில்லை என்றால், 'எனக்குத் தமிழ் தெரியவில்லை' என்று நினைத்து மூடிவிட வேண்டாம். அது எழுதப்பட்ட காலத்துத் தமிழ் வேறு. உரையில்லாமல் அதைப் பண்டிதராலும் படிக்க முடியாது. இந்த இரகசியத்தை எந்தப் பண்டிதரும் வெளியில் சொல்ல மாட்டார், நாம் அச்சுக்கூடத்தில் அவர்களுடைய புரூபைப் பார்த்திருப்பதினால் சொல்லுகின்றோம். பள்ளிக்கூடத்தில் குறளை மனப்பாடம் செய்து, ஒரு சீர் மாறினால் மார்க்கு குறைத்து, பிள்ளைகளுக்கு அதன் பேரிலேயே கசப்பு உண்டாக்கி அனுப்புவதைப் பற்றித் தனியே ஒரு தலையங்கம் எழுத வேண்டும். அதை இங்கு விட்டுவிடுகின்றோம்.

இனி அந்த வாசகர் வட்டத்தாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கூட்டத்தில் உபாத்தியாயரையும் வக்கீலையும் பாங்குக்காரரையும் முதலில் பேசவிட்டது தப்பு. மூன்று பெரிய பேர்கள் வரிசையாய் விழுந்த பிறகு, நாலாவது மனிதன் எஞ்சின் கைப்புஸ்தகம் என்று எப்படிச் சொல்லுவான்? அடுத்த கூட்டத்தில், படித்து முடித்ததைச் சொல்லுவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் இம்மாதம் பாதியில் விட்ட புஸ்தகம் எது, ஏன் விட்டோம் என்பதைச் சொல்லித் தொடங்குங்கள். வக்கீல் தோழரும் அந்த ரஷ்ய நாவலின் யுத்த வர்ணனைகளில் எத்தனை பக்கங்களைத் தள்ளினார் என்பதை மனம் விட்டுச் சொல்லட்டும். 'மூலதன'த்தைக் குறித்து நமக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பழைய புஸ்தகக் கடைகளில் நாம் பார்த்த பிரதிகளில் பலவற்றில் முதல் முப்பது பக்கங்கள் மாத்திரம் அழுக்கேறியிருக்கும். மற்றவை கத்தி படாத வெண்ணெய் போலிருக்கும். பாங்குத் தோழருடைய பிரதி அப்படிப்பட்டதல்ல என்றே நம்புகின்றோம்.

நாம் மற்றவர்களைக் கேட்பது போல் நம்மையும் கேட்பது நியாயம். இம்மாதம் நாம் படித்தது இது: அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'ஜாதியை ஒழிக்க வழி' மூன்றாம் முறை, முதல் இரண்டு முறையும் விளங்காதிருந்த ஒரு பகுதி இம்முறை விளங்கிற்று. பாம்புக் கடிக்கு முதலுதவி என்ற ஒரு சர்க்காரின் சிறு பிரசுரம், இது நம் வாசகர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நாமும் ஜாபிதா போடத் தொடங்கிவிடுவோமோ என்று பயமாயிருக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதை ஒன்று, ஒரே இரவில். பெரிய பரிசு வாங்கிய ஒரு நாவல், நாற்பதாம் பக்கத்தில் விட்டாயிற்று, மறுபடியும் எடுக்கும் உத்தேசம் இல்லை. கம்பராமாயணம், உரையோடு, தினம் பத்துப் பாட்டு வீதம் மூன்று வருஷங்களுக்கு முன் ஆரம்பித்தோம். இடையில் பல மாதங்கள் நின்று போயிற்று. இப்போது கிட்கிந்தா காண்டத்தில் இருக்கின்றோம். தாரை விதவைக் கோலத்தில் இலட்சுமணன் எதிரில் வருகின்ற இடத்தைச் சென்ற மாதம்தான் நம் கண்ணாலேயே பார்த்தோம். கிழவர் சொன்னது சரி. அந்தப் பாட்டுகளில் கவியின் சாமர்த்தியம் அபாரமாய் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளைப் பார்த்து இலட்சுமணனுக்குத் தன் தாய்மார்களின் விதவைக் கோலம் ஞாபகத்துக்கு வந்து கண் கலங்குகின்றான். படிக்கிற நமக்கும் கலங்குகிறது. கலங்கின கண்ணைத் துடைத்துக் கொண்டு, இந்தக் கோலத்தை அவளுக்குப் போட்டவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு அழகாய்ப் பாடப்பட்டதினால்தான் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் போய்விட்டார்கள் என்று இப்போது நமக்குப் படுகின்றது. இது ஐம்பது பாட்டுகளைத் துண்டு துண்டாய்ப் படித்திருந்த காலத்தில் நமக்குத் தோன்றியதில்லை. அந்த ஊருக்குப் போய் அப்பெரியவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று விசாரித்தோம். அவர் காலமாகி நான்கு வருஷங்கள் ஆகின்றனவாம்.

மோட்டார் சைக்கிள் கடைத் தோழருக்கு நமது பதில் இதுவே. வருகிற மாதக் கூட்டத்திற்குத் தவறாமல் போங்கள். மணிமேகலையில் ஒரு பக்கமும் படிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்களிலும் ஒருவர் இருவர் தங்கள் பொய்யை அன்று ஒப்புக் கொள்ளக் கூடும். அதன் பிறகு அந்த எஞ்சின் கைப்புஸ்தகத்தில் என்ன தெரிந்து கொண்டீர்கள் என்பதைப் பத்து நிமிஷம் விளக்கிப் பேசுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற உபாத்தியாயரும் வக்கீலும் வண்டியில்தான் வந்திருப்பார்கள், அதற்குள் என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மணிமேகலையை என்றைக்காவது படிக்கத் தோன்றினால் படியுங்கள், தோன்றாவிட்டால் அவள் கோபித்துக் கொள்ள மாட்டாள். இன்னொன்று, தங்கள் கடிதத்தில் இரண்டு துப்பறியும் கதைகளின் பேரை எழுதியிருக்கின்றீர்கள், அந்தக் கைப்புஸ்தகத்தின் பேரை எழுதவில்லை. அதை ஒரு கார்டில் எழுதி அனுப்பும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். நம்முடைய வண்டி ஒரு வாரமாய்க் காலை வேளைகளில் கிளம்ப மறுக்கிறது.